எல்லையில் ஒரு மாளிகை: ஓசூரா, பெங்களூருவா?

வசதி படைத்தோர் வீடு வாங்க நினைக்கும்போது, சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையா, புதுச்சேரியா என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. கடற்காற்று இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அரசும் சட்டமும்தான் வேறு. கடலே இல்லாத ஓசூர் வட்டாரத்தில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. ஜூஜூவாடி சோதனைச்சாவடிக்கு இப்பக்கம் வாங்குவதா, அத்திப்பள்ளிக்கு அப்பக்கம் வாங்குவதா? இரண்டுக்கும் இடையே சில நிமிடப் பயணம்தான். ஆனால், வாங்குபவர் தேர்ந்தெடுப்பது வீட்டை மட்டுமல்ல, ஒரு மாநிலத்தையும்தான்.

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அமைத்த முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூர். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே ஆலை தொடங்கின. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் கடிகார ஆலையும் வந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார இருசக்கர வாகன ஆலை, கெலமங்கலம் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் என இன்று இது புதிய தொழில்களின் வட்டாரம். பொறியாளர்களும் மேலாளர்களும் பெருகியதும் மதில் சூழ்ந்த குடியிருப்பு வளாகங்களும் பெருகிவிட்டன. அவற்றின் விளம்பரங்களில் ஓசூரின் பெயரைவிட ‘பெங்களூருவுக்கு மிக அருகில்’ என்ற சொற்களே பெரிதாக இருப்பதைக் காண்கிறேன். இந்த ‘அருகில்’ என்பதன் பொருளைத்தான் நாம் ஆராய வேண்டும்.

பத்திரச் செலவின் கணக்கு

முதலில் பணக் கணக்கு. தமிழ்நாட்டில் தனி வீட்டுக்கும் மனைக்கும் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு: முத்திரைத் தீர்வை 50 லட்சம் ரூபாய் வரை 4 விழுக்காடு, 3 கோடி வரை 5 விழுக்காடு. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு. அதன்மீது சிறு கூடுதல் வரிகள். 1 விழுக்காடாக இருந்த பதிவுக் கட்டணம் அங்கே 2025 ஆகஸ்ட் இறுதியில் 2 விழுக்காடானது.

ஒரு கோடி ரூபாய் அடுக்குமாடி வீட்டுக்கு இங்கே 7 லட்சம் என்றால், அங்கே ஏழரை லட்சத்தைச் சற்றே தாண்டும். நான்கு கோடி ரூபாய் தனி வீட்டுக்கு நிலைமை தலைகீழ்: இங்கே 36 லட்சம், அங்கே சுமார் 30 லட்சம். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு முடிவைத் தீர்மானிக்கக்கூடியதல்ல.

ஆவணங்கள்தான் தீர்மானிக்க வேண்டியவை. இங்கே பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்துப் பழகியவர், அங்கே ‘கட்டா’ என்ற சொத்துவரிப் பதிவின் உலகுக்குள் நுழைகிறார். அதில் ‘ஏ’, ‘பி’ என இரு வகை இருப்பதும், முறையான அனுமதி பெறாத சொத்துகளே பெரும்பாலும் ‘பி’ வகையில் இருப்பதும், அத்தகைய சொத்துக்கு வங்கிக் கடன் பெறுவது கடினம் என்பதும் பலருக்கு முன்பணம் கொடுத்த பின்புதான் தெரியவருகின்றன. 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது என்றாலும், ஆணையம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. ஓசூர் வளாகத்தைப் பற்றிய புகாரைப் பெங்களூருவில் கொடுக்க முடியாது. ஆனேக்கல் வளாகத்தைப் பற்றிய புகாரைச் சென்னையில் கொடுக்க முடியாது.

வாக்குறுதியின் விலை

ஓசூர் பக்கத்து விலையில் இரண்டு வாக்குறுதிகள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டன. ஒன்று விமான நிலையம். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆனால், 2008இல் திறக்கப்பட்ட பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கான ஒப்பந்தம், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் சுற்றளவில் 25 ஆண்டுகளுக்குப் புதிய பன்னாட்டு விமான நிலையம் கூடாது என்கிறது. அந்தக் கெடு முடிவது 2033இல்.

மற்றொன்று மெட்ரோ. 2025 ஆகஸ்டில் பெங்களூருவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூருக்கு நீட்டித்தால் சுமார் 23 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில். பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தை மூன்றாம் தண்டவாளத்தின் வழியே பெறுகிறது. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தலைக்கு மேலுள்ள கம்பியின் வழியே பெறுகிறது. எந்த முறை, யார் செலவு, யார் இயக்குவது என்பவற்றை இரு அரசுகளும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு ரயில் எல்லையைக் கடக்கும். இவ்விரண்டும் வரவே வராது என்பதல்ல என் வாதம். வராத ஒன்றுக்கு இன்றே விலை கொடுப்பவர், எத்தனை ஆண்டுகள் காத்திருக்கத் தயார் என்பதையும் கணக்கிட வேண்டும் என்பதே.

நுரை பொங்கும் ஆறு

விளம்பரத்தில் இடம்பெறாத ஒன்று உண்டு: ஆறு. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று அழைக்கப்படும் தென்பெண்ணை, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஓசூரின் கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. பெங்களூருவின் கழிவுநீரைச் சுமக்கும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. மழைக்காலத்தில் அணையின் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை மலைபோலக் குவிந்து சாலையை மூடும் காட்சி நமக்குப் புதிதல்ல. பெல்லந்தூர் ஏரியே நுரைத்துத் தீப்பற்றியதையும் நாடு பார்த்திருக்கிறது. பெங்களூருவின் கழிவுநீரில் சுத்திகரிக்கப்பட்ட ஒரு பகுதி 2018 முதல் கோலாரின் ஏரிகளுக்குத் திருப்பப்படுகிறது. அது கோலாருக்கு நல்லது. ஆற்றில் கலக்கும் கழிவு அதனால் நின்றுவிடவில்லை.

பெங்களூருவின் கிழக்கே ஏரி தெரியும் மாடத்துடன் விற்கப்படும் வீட்டின் குளியலறை நீர், முறையாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால், இறுதியில் ஓசூர் விவசாயியின் வாய்க்காலுக்கு வருகிறது. கெலவரப்பள்ளிப் பாசனத்தை நம்பியிருப்பவர்களுக்கு அந்த வீட்டின் விலையும் தெரியாது, பயனும் கிடையாது. செலவில் மட்டும் பங்கு உண்டு. ஓசூரில் எழும் புதிய வளாகங்கள் தம் கழிவைத் தாமே சுத்திகரிக்காவிட்டால், இதே தீங்கை நாம் கிருஷ்ணகிரி அணைக்கும் அதற்குக் கீழுள்ள ஊர்களுக்கும் செய்வோம். மேலே உள்ளவரைக் குறை சொல்லும் தகுதி, கீழே உள்ளவருக்குத் தூய நீரை விடுபவருக்குத்தான் உண்டு.

குடிநீருக்கும் இரு பக்கத்திலும் உத்தரவாதம் இல்லை. 2024 கோடையில் பெங்களூருவின் அடுக்ககங்கள் லாரித் தண்ணீருக்காகத் தவித்தன. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு, ஜப்பான் கடனுதவியுடன் 2013இல் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே உயிர்நாடி. வீடு பார்க்கச் செல்பவர் நீச்சல்குளத்தைப் பார்ப்பதற்கு முன், அதை நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

பிள்ளைகள் எந்த மாநிலம்?

பலர் கடைசியாக யோசிப்பதும், முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வுவழி இடம் பெற, பொதுவாக அம்மாநிலத்தில் குறைந்தது 7 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டுக்கோ இங்கே படித்திருக்க வேண்டும். அல்லது பூர்வீகத்தை நிறுவ வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி என்பதை உச்ச நீதிமன்றம் 1990களிலேயே தெளிவுபடுத்திவிட்டது; குடிபெயர்ந்தவர் தம் சான்றைப் புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. முதல் தலைமுறையாகப் பொறியாளராகி, சேமித்து, அப்பக்கம் வீடு வாங்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறு செய்தி அல்ல. வண்டிக்கும் இதே கதைதான்: வேறு மாநிலப் பதிவெண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

இயல்பான நாட்களில் கண்ணுக்குத் தெரியாத எல்லை, நெருக்கடியில் சுவராகிவிடுகிறது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பேருந்துகள் நின்றுபோக, மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தனர். 2020 பொதுமுடக்கத்தின்போது வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மறு மாநிலத்திலும் இருந்தவர்கள் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்தனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூருக்கு இந்தச் சுவர் இயற்கையானது அல்ல. அந்த ஊரின் பெயரே கன்னடத்தில் ‘புதிய ஊர்’ என்று பொருள்படுவதுதானே!

மதிலுக்கு வெளியே

இத்தனை கேள்விகளையும் கேட்டு முடிவெடுக்க வாய்ப்புள்ளவர்கள் சிலரே. ஆலைகளின் உற்பத்தி வரிசையில் நிற்கும் பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகப் பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்களுக்கு, இருப்பது ஒரு விடுதிப் படுக்கை அல்லது நால்வர் பகிரும் அறை. சொகுசு வளாகங்கள் நிலத்தின் விலையை உயர்த்தும்போது முதலில் உயர்வது அந்த அறையின் வாடகைதான். திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகத்தை 2024இல் சிப்காட் திறந்தது. அதே அளவு அக்கறை ஓசூருக்கும் தேவை.

என் முடிவு இது: வேலையும் பிள்ளைகளின் படிப்பும் எந்த மாநிலத்திலோ, அந்த மாநிலத்தில் வாங்குவதே பெரும்பாலோருக்கு நல்லது. பத்திரச் செலவில் மிஞ்சும் சில லட்சங்களோ, வரப்போகும் விமான நிலையமோ அதை மாற்றக் கூடாது. அரசுகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மெட்ரோவுக்காகப் பேசும் இரு மாநிலங்களும் அதே மேசையில் தென்பெண்ணையின் கழிவையும் வைத்துப் பேச வேண்டும். கொடியாளத்தில் ஆற்றுநீரின் தரத்தைக் கூட்டாக அளந்து, அன்றாடம் மக்களுக்கு அறிவிப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். அந்த ஆறு தெளியாத வரை, ஓசூரில் எழும் எந்த மாளிகையின் மதிப்பும் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.