திறக்காத சிப்பியை ஏலம் எடுக்கலாமா?

தெருமுனை, காவல் நிலையம், துறைமுகம், பள்ளி என எங்கும் பொதுப் பணத்தில் கண்காணிப்பு கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. அரசு நிறுவனங்களில் சீன நிறுவனங்களின் கேமராக்கள் சுமார் 10 லட்சம் இருப்பதாக 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இணையத்துடன் இணையும் கேமராக்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அச்சோதனையில் மூல நிரலையும் காட்டியாக வேண்டும்.

வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால், ஆய்வகத்தில் ஒருமுறை காட்டப்படும் நிரல் மீண்டும் நிறுவனத்தின் பெட்டகத்துக்கே போய்விடுகிறது. கேமராவுக்கு விலை கொடுத்த நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் அது எட்டாக்கனியே.

நான் பிறந்த மணப்பாடு, முத்துக்குளித்துறை ஊர்களுள் ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் கிடைத்த சிப்பிகள், குளிப்போரின் பங்கு போக, ஆயிரக்கணக்கில் திறக்கப்படாமலேயே ஏலம் விடப்பட்டன. முத்து உண்டா, இல்லையா என்று அறியாமலேயே வணிகர்கள் விலை கேட்டனர். அங்கே விற்பவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. கேமராச் சந்தையிலோ விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்கு மட்டுமே தெரியாது. இத்தகைய சந்தையிலிருந்து தரமான பொருள் மெல்ல மெல்ல வெளியேறிவிடும் என்பதை ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-லேயே விளக்கினார். அதற்காகப் பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார்.

இணையவழி கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குள் இயங்குவது லினக்ஸ். அதன் மையப்பகுதி கெர்னல். ஒளியை மின்குறிப்பாக மாற்றும் உணரி, படத்தைச் சீர்செய்யும் சில்லு, காணொலியைச் சுருக்கும் சுற்று ஆகிய ஒவ்வொன்றுடனும் கெர்னல் பேசுவதற்கு ஓர் இயக்கி தேவை. 'டிரைவர்' என்று நாம் வழங்குவது இதைத்தான். இருட்டில் எவ்வளவு நேரம் ஒளியை வாங்க வேண்டும், நொடிக்கு எத்தனை படம் எடுக்க வேண்டும் என்ற கட்டளைகளை உணரிக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே.

இந்த இயக்கி எங்கே இருக்கிறது என்பதில்தான் பொருளியல் கேள்வி எழுகிறது. லினக்ஸின் புதிய பதிப்பு ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. முதன்மைக் கெர்னலில் இடம்பெற்ற இயக்கியை, உட்கட்டமைப்பை மாற்றுபவர்களே அவ்வப்போது திருத்திக்கொள்வார்கள். நிறுவனம் தன் கையிலேயே வைத்திருக்கும் இயக்கிக்கு அந்தப் பேறு இல்லை. விற்பனை முடிந்ததும் நிறுவனத்தின் அக்கறை குறைகிறது. கேமரா பழைய கெர்னலிலேயே தங்கிவிடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேர்வதில்லை. கண்ணாடியும் உணரியும் நன்றாக இருந்தும் மென்பொருள் முதுமையால் கருவி குப்பைக்குப் போகிறது.

திறந்த இயக்கி ஒரு பொதுப்பண்டம். பயன் அனைவருக்கும், செலவு ஒருவருக்கு என்னும்போது செலவிட எவரும் முன்வருவதில்லை. மிஷேல் ஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 200-க்கும் மேற்பட்ட வெப்கேமரா வகைகளுக்குத் தாமே இயக்கிகளை எழுதினார். அவருடைய பணி 2008-இல் முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது. செய்ய வேண்டியவை நிறுவனங்கள். செய்தவர் ஒரு தன்னார்வலர். பெருநிறுவனங்களின் நிலையும் வேறல்ல. இன்டெல் நிறுவனத்தின் ஐபியு6 படச் செயலி கொண்ட மடிக்கணினிகளை 2022-இல் வாங்கிய பலர், லினக்ஸில் கேமரா இயங்காமல் திகைத்தனர். அதற்கான அடிப்படை இயக்கி முதன்மைக் கெர்னலில் சேர 2024 ஆயிற்று.

இத்துறையில் நம்மவர்க்குத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. குறைந்த ஒளியிலும் படம் பிடிக்கும் சோனியின் ஐஎம்எக்ஸ்290 உணரிக்கான கெர்னல் இயக்கியில் ஆசிரியராகக் காணப்படுவது மணிவண்ணன் சதாசிவம் என்ற பெயர். சென்னையில் இயங்கும் ஈ-கான் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் கேமராத் தொகுதிகளை வடிவமைத்து உலகச் சந்தையில் விற்கின்றன. ஆள் இருக்கிறது, தேவையை உருவாக்கும் பெரிய வாங்குநர் இல்லை. அந்த வாங்குநர் அரசாகத்தான் இருக்க முடியும்.

சட்டமும் அரசின் பக்கமே நிற்கிறது. லினக்ஸ் கெர்னலின் உரிமம், கருவியோடு அதைப் பெற்றவர் நிரலையும் கேட்டுப் பெற வழி செய்கிறது. இத்தகைய உரிமம் செல்லும் என்று 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் உறுதிசெய்தது. மின் ஆளுகையில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்ற கொள்கையை மத்திய அரசு 2015-லேயே அறிவித்தது. கேட்கும் உரிமை கையில் இருக்க, கேட்காமல் இருப்பது நம் பழக்கம்.

நிரலைத் திறந்தால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்று கேட்கலாம். 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களைக் கைப்பற்றியது, ஆலையில் வைத்த கடவுச்சொற்களை மாற்றாததால். மூடிய நிரல் அதைத் தடுக்கவில்லை. திறந்த இயக்கி மட்டும் அதைத் தடுத்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால், குறை தெரியவரும்போது நிறுவனத்தின் தயவுக்குக் காத்திராமல் திருத்த வழி இருக்கும். நிரலைப் பலர் ஆராய்ந்து ஏற்பதற்கு மாதங்கள் ஆகலாம். சிறு நிறுவனத்துக்கு அது சுமை என்பதும் உண்மை. அச்சுமையை ஒப்பந்த விலையில் சேர்த்து அரசு ஏற்பதே நியாயம்.

எனவே, தமிழக அரசுக்காகக் கொள்முதல் செய்யும் எல்காட் உள்ளிட்ட அமைப்புகள் தங்கள் ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம். ஒன்று, முதன்மைக் கெர்னலில் இயக்கி உள்ள கேமராவுக்கு முன்னுரிமை. மற்றொன்று, கருவியின் ஆயுட்காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தம் தருவதற்கான எழுத்துப்பூர்வ உறுதி. முதலில் விலை சற்றுக் கூடலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துப் புதிது வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதை மிகை என்று சொல்ல வேண்டும்.

நம்மைக் கண்காணிக்கும் கருவியை நாமும் கண்காணிக்க முடிய வேண்டும். வரி செலுத்துவோர் இதற்குக் குறைவாகக் கேட்கக் கூடாது.