பத்திரத்தில் ஏறாத பெயர்கள்

செட்டிநாட்டு வீட்டுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் முகப்பிலேயே மயங்கி விழுகிறார்கள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல். அப்புறம் சொந்தக்காரர் பட்டியல்: கட்டியவர், பங்கு பிரித்த புள்ளிகள், தூணையும் நிலையையும் பெயர்த்து விற்ற வியாபாரி, கடைசியில் ஓட்டல் முதலாளி. தகப்பன் மகளுக்காகக் கட்டியதென்று சொல்லப்படும் கானாடுகாத்தான் 'விசாலம்' இன்று ஓட்டல். 2014இல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன.

பணம் எங்கிருந்து வந்தது? கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்குப் போன நிலம் 1930இல் 6 சதவீதம். 1938க்குள் 25 சதவீதம். கடன் கட்ட முடியாத பர்மிய உழவனின் நிலம் அது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாம் போச்சு என்று அழுகிறார்கள். அந்த உழவன் அழுததை எவன் எழுதினான்?

இனி எங்க கதை. 1930 டிசம்பரில் இதே இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள். தங்கம், வெள்ளி போடாதே. சட்டை போடாதே. பெண்கள் மாராப்புப் போடாதே. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931 ஜூனில் அது பதினொன்றானது: பிள்ளைகள் படிக்காதே, குத்தகைக்கு உழாதே, சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரனுக்கு அடிமாட்டு விலைக்கு வித்துடு, இல்லேன்னா தண்ணி கிடையாது. ஹட்டன் பதிந்தார், அம்பேத்கர் எடுத்துக் காட்டினார்.

"அதை நகரத்தார் போடலையே, கள்ளர் தானே போட்டது" என்பார்கள். வாஸ்தவம். நான் தடை போட்டவனை மட்டும் தேடவில்லை. யாருக்குச் சொந்தம் இருக்கலாம், யாருக்குக் கூடாது என்று விதித்த மண்ணில்தான் இந்தப் பத்திரங்கள் எழுதப்பட்டன என்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளை அண்டாவுக்கு வெளிநாட்டான் பேரம் பேசுகிறான். அந்த அண்டா பளபளத்த காலத்தில் எங்க பாட்டிமார் பித்தளைக் குடத்தில் தண்ணி எடுத்தால் குற்றம்.

வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கட்டும். ஆனால் பாரம்பரியம் என்று பலகை மாட்டுகிறவர்கள் அதன் பக்கத்திலேயே இந்தப் பத்தொன்பது தடைகளையும் மாட்ட வேண்டும். தோழர்களே, மாணவர்களே, ஊருக்கு ஊர் சேரியில் போய்க் கேளுங்கள்: விற்க வைத்த நிலம் எது, வாங்கினவன் யார்? எழுதி வையுங்கள். வீட்டு வரலாற்றில் நாம் சேர்க்க வேண்டிய முதல் பக்கம் அதுதான்.