எந்தக் காலத்துத் தூய்மை?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பணம் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறார் நண்பர். அதற்கு முன்னால் இருந்த தூய்மை எது? 1905-ல் ஆடுகளச் சாவுகள் பெருகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் போவதைக் கார்னகி அறக்கட்டளையின் அறிக்கை 1929-லேயே போட்டு உடைத்தது. 1984-ல் ஒளிபரப்பு உரிமை குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்கினார்கள். (அப்போதெல்லாம் தூய்மைக்குப் பங்கம் வரவில்லை போலும்!) மிச்சிகன் மைதானத்தில் லட்சம் பேர் டிக்கெட் வாங்கி உட்காருவார்கள், அவர்களுக்காக எலும்பு முறியும் பையனுக்கு மட்டும் உதவித்தொகை போதுமாம். தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அவனுக்கு 2021-ல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகும் அந்த மைதானம் காலியாகவில்லை.