முறத்தில் ஒரு வரிசை



இந்த மாதப் பக்கத்தை அடுக்களை மேடையில் நோட்டை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். கூடத்தில் பூச்சு வேலை நடக்கிறது, உட்கார வழியில்லை. கோடையிலேயே தட்டட்டியில் ஓடு பதித்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசினோம். (மொட்டைமாடியைத் திருநெல்வேலிப் பக்கத்தில் தட்டட்டி என்போம்.) பேச்சு பேச்சாகவே நின்றது. புரட்டாசியில் பெய்த முதல் பெருமழை கூடத்துச் சுவரில் ஓதமாக இறங்கி, பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டோம். இப்போது சோபா, டிவி, அரிசி டிரம், பிள்ளைகளின் மூன்றுசக்கர சைக்கிள் எல்லாம் படுக்கையறையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பெரியவளுக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். சின்னவனுக்கு ஒன்றரை வயது. சிமெண்ட் மூட்டையைக் கண்டால் ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.

இந்த நேரத்தில் ஒரு வாசகியின் கடிதம் வந்தது. ஒட்டுத்துணிப் போர்வை பற்றி, அதாவது குயில்ட் பற்றி, ஆறு மாதமாக வரும் நம் தொடரைப் படித்துவிட்டு எழுதியிருந்தார். "துணி சேர்த்து, வெட்டியும் வைத்துவிட்டேன். இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டில் பைப் மாற்றுகிற வேலை வேறு நடக்கிறது. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் முடித்து நிமிரும்போது ராத்திரி பத்து மணி. உங்கள் தொடரில் தைத்துக் காட்டுகிறவர்களுக்கு நேரம் எங்கிருந்துதான் கிடைக்கிறது?"

இரண்டு நாள் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தொடரில் நாம் முடிந்த போர்வைகளின் படத்தைத்தான் போட்டோம். அவை எத்தனை மாதம் பைக்குள் கிடந்தன, எத்தனை முறை நடுவில் நின்றுபோயின என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அது நம் குறை.

என்னிடமும் ஒரு பை உண்டு. பெரியவள் வயிற்றில் இருந்தபோது சேர்க்க ஆரம்பித்தது. தீபாவளி நெருங்கும்போது தெருமுனைத் தையல்கடையில் கேட்டால், வெட்டி விழுந்த துணியை ஒரு கட்டைப்பை நிறையத் தருவார்கள். ரவிக்கைத் துண்டு, பாவாடைத் துண்டு, லைனிங், எல்லாம் கலந்து கிடக்கும். பாதிக்கு மேல் உதவாது. பனியன் துணி இழுபடும். பாலியெஸ்டரைப் பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் துவைத்ததும் பருத்தி மட்டும் சுருங்கி, போர்வை முறுக்கிக்கொள்ளும். ஆகவே பருத்தியை மட்டும் பொறுக்கி, துவைத்துக் காயவைத்து எடுத்துவைத்தேன். கூடவே அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்று. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. முந்தி கிழிந்துபோயிருந்தது, உடல் நன்றாக இருந்தது.

பிரசவத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு முதல் பிறந்தநாளுக்குள் என்று நினைத்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் ஒரே மூச்சில் உட்கார்ந்துவிடலாம் என்று காத்திருந்ததில் நான்கு வருஷம் போய்விட்டது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. பெரியவள் தூளியில் கிடந்த நாளில் அவள்மேல் போர்த்தியிருக்க வேண்டிய போர்வை அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

என்னை மறுபடி ஊசி எடுக்க வைத்தது சித்திப் பெண்களின் போர்வை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் வாழ்கிறவர்கள் சித்தி மக்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதற்குத் தனி மேசை வேண்டாம், துணியை இழுத்துக்கட்டும் சட்டம் வேண்டாம். ஒரு பழைய சேலையை அடித்துணியாக வைத்து, ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். கிழிசல் துண்டின் ஓரத்தை உள்ளே மடக்கி, ஊசியை நூலோட்டமாகவே ஓட்டி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கிப் போகிறார்கள். கடைசித் துண்டு போர்வையின் நடுவில் போய்ச் சேருகிறது. பிறகு நான்கு மூலையிலும் மடித்து அடுக்கிய சின்னஞ்சிறு துண்டு ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அதன் பெயர் பூலா, அதாவது பூ. பூ வைக்காத போர்வை அவர்களுக்கு உடுத்தாத உடம்பு மாதிரி.

அந்த வேலையின் அமைப்பைப் பாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே போவதால், தைத்த இடம் தைத்த இடத்தில் முடிந்துவிடுகிறது. வயலுக்குப் போக வேண்டும், பிள்ளை அழுகிறது, அடுப்பில் கஞ்சி பொங்குகிறது என்றால் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்துவிடலாம். திரும்பி வந்து உட்கார்ந்தால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதே இல்லை. இடையிடையே எழுந்து போகிற பெண்களின் கையில்தான் இந்த முறை உருவாகியிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

நாமோ அளவு வைத்து வெட்டித் தைக்கிறோம். அதற்கும் இது பொருந்தும். ஐந்து அங்குலச் சதுரம் வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் நாலரை அங்குலம் நிற்கும். வரிசைக்கு எட்டுத் துண்டு, பத்து வரிசை என்றால் 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம். பிள்ளைக்குப் போர்த்தப் போதும். மொத்தம் 80 துண்டு. துண்டோடு துண்டைச் சேர்க்கும் சின்னத் தையல் 70. வரிசையோடு வரிசையைச் சேர்க்கும் நீளத் தையல் 9. 'ஒரு போர்வை' என்று நினைத்தபோது மலைத்து நின்றவள், '70 சின்னத் தையல்' என்று எண்ணியதும் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சின்னத் தையலுக்கு மெஷினில் அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டிரண்டு துண்டாக, நடுவில் நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே போனால் தோரணம் மாதிரி நீளமாக வரும். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஐந்தாறு சேர்ந்துவிடும். நறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பெரிய துணை அத்தையின் முறம். ஒரு வரிசைக்கான எட்டுத் துண்டையும், எதற்குப் பக்கத்தில் எது என்று நிறம் பார்த்து, இரண்டு வரியாக முறத்தில் அடுக்கிவிடுவேன். சின்னவன் தவழ்ந்து வருகிறான் என்றால் முறத்தோடு தூக்கி பீரோ மேல் வைத்துவிடலாம். ஒரு துண்டும் இடம் மாறாது. ஒரு நேரத்தில் ஒரு வரிசைக்கு மேல் முறத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சில வாரம் ஒரு வரிசை முடியும். பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல் வந்த மாதத்தில் ஒன்றுகூட முடியவில்லை. போன வருஷம் ஆடியில் மறுபடி எடுத்தது, இந்த ஆவணியில்தான் மேல்துணியாக முடிந்தது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே மின்சாரம் போகும் நாள் ஒன்று வருமே, அதை நான் எதிர்பார்த்துக் காத்திருப்பேன். மிக்ஸி ஓடாது, மோட்டார் ஓடாது, வாஷிங் மெஷின் ஓடாது. காலால் மிதிக்கிற பழைய தையல் மெஷின் ஓடும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஊசி விஷயத்தில் மட்டும் நான் எந்தச் சலுகையும் காட்டுவதில்லை. குண்டூசி பத்து எடுத்தால் பத்தும் திரும்ப வேண்டும். எண்ணி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன், வாசலில் யார் கூப்பிட்டாலும் சரி. இஸ்திரிப் பெட்டியைப் பிள்ளைகள் விழித்திருக்கும்போது எடுப்பதே இல்லை. தையலை நகத்தால் அழுத்தி மடக்கினால் அப்போதைக்குப் போதும், அவர்கள் தூங்கிய பிறகு மொத்தமாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மஞ்சள். சாம்பார் தாளித்த கையோடு வெள்ளைத் துண்டைத் தொட்டால் விரல் பதிந்துவிடும். பதறிப்போய் சோப்புப் போட்டால் கறை சிவந்துவிடும், இன்னும் பதறுவோம். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறுவது இயல்பு. நன்றாக அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. இரண்டு மூன்று வெயிலில் வெளுத்துவிடும். எங்கள் போர்வையில் நான்கு துண்டு இப்படி வெயிலில் கிடந்து மீண்டவை.

ஒன்றை மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சின்னத் துண்டாக நேரத்தைப் பிரித்தாலும், வீட்டு வேலை முழுவதும் ஒருத்தி தலையில் இருந்தால் அவளுக்குக் கைவேலை கிடையாது; தூக்கம்தான் குறையும். பத்து மணிக்கு மேல் விழித்துத் தையுங்கள் என்று அந்த வாசகிக்கு நான் எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுச் சமையலும், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பதும் என் கணவருடைய வேலை. இதை உதவி என்று நான் சொல்வதில்லை. அவருடைய வீடு, அவருடைய பிள்ளைகள். இப்படி ஆவதற்குச் சில மாதம் பேசவேண்டியிருந்தது. பேசியது நல்லது. உங்கள் வீட்டிலும் பேசுங்கள்.

பூச்சு பெயர்ந்து விழுந்த அன்று இரவு எனக்கு ஜீஸ் பெண்ட் பெண்களின் நினைவு வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துச் சூழ்ந்த ஊர் அது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், பகலில் வயலில் நின்றுவிட்டு வீட்டில் போர்வை தைத்தார்கள். பலகை வீடுகள். இடுக்கு வழியாகக் குளிர்காற்று வரும். பழைய செய்தித்தாளைப் பசை தடவிச் சுவரில் ஒட்டி அடைத்தார்கள். அதையும் மீறி வரும் குளிருக்குப் போர்வைமேல் போர்வையாகப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். வீட்டைச் சரிசெய்வதும் போர்வை தைப்பதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கம். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகச் சேர்ப்பாள். அடுக்குகளை இணைத்துத் தைக்கும்போது மற்றவர்கள் வந்து கூட உட்காருவார்கள். மிசூரி பெட்வே என்ற பெண் கணவரை இழந்த பிறகு, அவர் வயலுக்கு உடுத்திப்போன சட்டைகளையும் கால்சட்டைகளையும் கிழித்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். மகள் ஆர்லோன்சியா உடனிருந்து உதவினார். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றில் சிலவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

தனியாகச் சேர்ப்பது, கூடி இணைப்பது என்று சொன்னேன் அல்லவா, இணைக்கிற கட்டம் மட்டும் துண்டு நேரத்தில் முடியாது. அதற்குத் தரை வேண்டும். அடித்துணியைப் புறம் திருப்பி இழுத்து விரித்து, நடுத்துணி வைத்து, அதன்மேல் தைத்த மேல்துணியைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கம் நீவி, பின்னூசி மாட்ட வேண்டும். எங்கள் கூடத்தில் சோபாவையும் மேசையையும் நகர்த்தி அவ்வளவு இடம் எடுப்பது எப்போதும் நடக்காத காரியம். ஆவணியில் முடிந்த மேல்துணி ஒரு மாதத்துக்கும் மேலாக மடித்தபடியே இருந்தது.

போன வியாழக்கிழமை கொத்தனாரும் சித்தாளும் ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். வாசலில் நின்று பார்த்தேன். கூடம் காலியாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு சாமான் இல்லாமல் கிடந்தது. பெருக்கி, இரண்டு தண்ணீர் விட்டுத் துடைத்து, ஃபேனைப் போட்டுக் காயவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை மாவு இருந்தது.

அடித்துணியாக ஒரு பழைய சென்னிமலைப் போர்வை. நம் வெயிலுக்கு நடுவில் பஞ்சுத் தகடு வைத்தால் பிள்ளை வேர்த்துவிடும் என்பதால் மெல்லிய துணி ஏதாவது தேடிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே போய், மாமாவின் வேட்டியை எடுத்துவந்தார்கள். மாமா தவறி மூன்று வருஷம் ஆகிறது. துவைத்துத் துவைத்து மல்லிகை இதழ் மாதிரி ஆகியிருந்த வேட்டி. "இத உள்ள வையி. வெளிய தெரியாண்டாம்" என்றார்கள். நான்காக மடித்து நடுவில் விரித்தோம். அடித்துணியின் மூலைகளை என் கணவர் இழுத்துப் பிடித்தார். மேல்துணியைப் பெரியவள் உள்ளங்கையால் நடுவிலிருந்து நீவிக்கொண்டே போனாள். அம்மாச்சி சேலை எது, தன் பழைய கவுன் எது என்று தம்பிக்குக் காட்டிக்கொண்டே நீவினாள். அவன் போர்வை நடுவில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். அவனைச் சுற்றிலும் நீவினோம். அவன் தூங்கியதும் தூக்கிப் படுக்கையில் போட்டுவிட்டு, சதுரத்துக்கு ஒன்றாக 80 பின்னூசியும் மாட்டி முடித்தபோது மணி ஒன்பதரை.

கடிதம் எழுதிய வாசகிக்கும், பையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் முடியாத போர்வையைப் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்று துண்டு சேர்ந்திருந்தாலும் சரி, வெட்டிய துணி பிஸ்கட் டின்னில் அப்படியே இருந்தாலும் சரி. எப்போது தொடங்கினீர்கள், எதற்காக நின்றது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தப் படங்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் நாளை இரண்டாவது பூச்சு. அடுக்குகளை இணைக்கும் கைத்தையலில் இரண்டு வரிசை முடிந்திருக்கிறது, இன்னும் எட்டு. அது மடியிலேயே வைத்துத் தைக்கிற வேலை என்பதால் முறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலையில் அத்தை அதில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்