ஜீப்பில் போறவங்களுக்கு ஏது போனஸ்?



நேற்று அதிகாலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பினேன். ரோட்டோரம் தோட்ட ஜீப் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தூக்குச்சட்டியோடு பதினைந்து பேராவது இருப்பார்கள், பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். ஒருத்தி, "நல்லா இருக்கீகளா சார்?" என்றாள். தீபாவளி நெருங்குகிறதே என்று, "போனஸ் வந்துருச்சா தாயி?" என்று கேட்டுவிட்டேன். ஜீப்பே சிரித்தது. "எங்களுக்கு ஏது சார் போனசு? ஒரு சேலையும் ஸ்வீட் டப்பாவும் குடுத்தாப் பெருசு."

அந்தச் சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது.

முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போய், நாள் முழுக்கக் குனிந்து ஏலச்செடியின் தூரில் காய் எடுத்துவிட்டு இருட்டில் திரும்புகிறார்கள். அதே மலையில் கொஞ்சம் தள்ளி, மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 2015 செப்டம்பரில் நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். கம்பெனி 10 சதவீத போனஸ் என்று அறிவித்தது. பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்களான தொழிலாளர்கள் 20 சதவீதம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டார்கள், சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி. என்று ஒரு கொடியும் பாக்கியில்லை. கடைசியில் முதல்வர் உம்மன் சாண்டி தலையிட்டு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று 20 கிடைத்தது. 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், பிறகு 301-க்கு வந்து நின்றது.

இதில் என்னை யோசிக்க வைப்பது வேறு. 2005-ல் டாடா டீ ஒதுங்கிக்கொண்டபோது உருவான அந்தக் கம்பெனியின் பெரும்பகுதிப் பங்குகள் தொழிலாளர்கள், ஊழியர்கள் பேரில்தான் இருந்தன. அதாவது முதலாளிகளே ரோட்டில் உட்கார்ந்து போனஸ் கேட்டார்கள்! பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது, கணக்கைக் கேட்கும் வாய் வேண்டும். அந்த வாய்க்காகத்தான் சங்கம். அது யாருக்காகப் பேசுகிறது என்பதையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. (அமெரிக்காவில் டெல்டா விமான கம்பெனி லாபத்தில் ஊழியருக்குப் பெரிய பங்கு தருகிறது. அங்கேயும் விமானப் பணிப்பெண்களில் ஒரு பகுதியினர் சங்கம் வேண்டும் என்றே கேட்டுவருகிறார்கள்.)

நம் ஜீப்புக்காரர்களுக்குப் பங்கும் இல்லை, சங்கமும் இல்லை. வருடத்தில் 30 நாள் வேலை பார்த்தாலே குறைந்தபட்ச போனஸ் என்பது 1965-லேயே சட்டமானது, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு; அந்தக் குறைந்தபட்சம் பிறகு 8.33 சதவீதமானது. ஆனால் யாரோ ஒரு கங்காணி ஆள் சேர்க்கிறார். இன்று ஒரு தோட்டம், நாளை வேறு தோட்டம். பதிவேட்டில் பேர் இல்லை. பேர் இல்லாதவருக்கு எந்தச் சட்டமும் இல்லை.

சின்ன விவசாயிகளையும் சொல்ல வேண்டும். 2019-ல் ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட காய், இரண்டே வருடத்தில் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. இரண்டு ஏக்கர்க்காரர் 20 சதவீதத்துக்கு எங்கே போவார்? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போடியிலேயே பங்களா கட்டி இருக்கும் பெரிய தோட்டக்காரர்களுக்கும் அதே சேலைக் கணக்குதான் என்பது நியாயமில்லை. 7000 விற்றபோதும் சேலை ஒன்றுதானே கொடுத்தார்கள்!

என் கதைக்கும் வருகிறேன். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலானோரை ஒரே வீச்சில் நீக்கியது அன்றைய அரசு. சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான் பெரும்பாலோர் திரும்ப வேலைக்கு வந்தார்கள். எனக்கு வரும் பென்ஷன், பஞ்சப்படி எல்லாம் யாரோ சங்கம் வைத்துக் கேட்டு வாங்கியது. இத்தனை வருடம் அந்த ஜீப்பைத் தாண்டி நடந்தும், உங்கள் பேர் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

இன்று கடையில் நாற்பது பக்க நோட்டு இரண்டு டஜன் வாங்கினேன். தேதி, தோட்டத்தின் பேர், கூலி என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் கொடுக்கப் போகிறேன். தொழிலாளர் துறையில் வேலை பார்த்த நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், இடுக்கியில் யாரிடம் மனுக் கொடுப்பது என்று கீழே எழுதுங்கள்.