சுவருக்கு அப்பால் ஒருவர்

நுழையும்முன்

அண்டை வீட்டாரைத் தெரிவு செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. அவர்களோடு எவ்வாறு வாழ்வது என்பதையே நாம் தெரிவு செய்ய முடியும். கல்விக்காகவும் வேலைக்காகவும் சிற்றூர்களிலிருந்து நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் குடிபெயரும் தலைமுறை நம்முடையது. ஒரு வீட்டின் தரை மற்றொரு வீட்டின் கூரையாகும் அவ்விடத்தில், நம் உரிமை எங்கே முடிகிறது? பிறர் அமைதி எங்கே தொடங்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

கூத்தும் இரைச்சலும்

விழுப்புரத்திற்கு வடமேற்கே பாறைக்குன்றுகள் சூழ அமைந்த ஊர் கண்டாச்சிபுரம். அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களில் அம்மன் கோவில் திருவிழாக்களின்போது தெருக்கூத்து விடிய விடிய நடைபெறும். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து முழங்கும். கட்டியங்காரனின் குரல் தெருக்களைத் தாண்டி வயல்வெளி வரை சென்று கேட்கும். அந்த இரவில் ஊர் உறங்குவதில்லை. உறக்கம் கெட்டதே என்று வருந்துவோரும் அரியர்.

அதே மத்தளத்தை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில், நள்ளிரவில் ஒருவர் வாசிக்கிறார் என்று கொள்வோம். கால்மணி நேரத்திற்குள் விளக்குகள் எரியும், கதவுகள் தட்டப்படும், காவல்நிலையத்திற்குத் தொலைபேசி அழைப்பும் செல்லும். கருவி மாறவில்லை, ஓசை மாறவில்லை. பின் மாறியது எது?

கூத்துக்கு நாள் குறித்தது ஊர்க்கூட்டம். எத்தனை இரவு, எந்த இடம் என்பதெல்லாம் முன்னரே ஊரார்க்குத் தெரியும். ஊரில் ஓர் இறப்பு நேர்ந்தால் விழா நின்றுவிடும். அவ்வோசை, கேட்போரின் இசைவைப் பெற்ற ஓசை. மூன்றாம் தளத்து மத்தளமோ எவரையும் கேளாமல், எவர்க்கும் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழைகிறது. ஆகவே, ஒலியை இரைச்சலாக்குவது அதன் அளவு மட்டுமன்று. கேட்போரின் இசைவின்மையும் ஆகும். அடுக்குமாடி வாழ்வின் பூசல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வீடுகள் நெருங்கி வந்தன. இசைவைக் கேட்பதற்குரிய பழக்கம் மட்டும் உடன்வரவில்லை.

ஒலி செல்லும் வழிகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒலி இரு வழிகளில் பரவுகிறது. பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி ஆகியவற்றின் ஒலி காற்றின்வழியே சென்று கதவிடுக்குகளிலும் சாளரங்களிலும் புகுகிறது. நாற்காலியை இழுத்தல், உரலில் இடித்தல், பந்தை எறிந்து விளையாடுதல், கதவை அறைந்து சாத்துதல் ஆகியவற்றின் அதிர்வோ கான்கிரீட் தளத்தின்வழியும் தூண்களின்வழியும் பயணம் செய்கிறது. மேல்வீட்டில் மெல்லிய உராய்வாகத் தோன்றுவது கீழ்வீட்டில் முழக்கமாகக் கேட்பது இதனால்தான். ஒலியை எழுப்புபவருக்கு அதன் முழு வடிவம் கேட்பதே இல்லை.

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். இது மடக்கையை அடிப்படையாகக் கொண்ட அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகிறது. நம் செவிக்கோ ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. நல்லுறக்கத்திற்குப் படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 1999 ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் கூறியது.

இரைச்சலின் தீங்கு உறக்கக்கேட்டோடு முடிவதில்லை. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் உயர்மட்ட இருப்புப்பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட் அப்பள்ளி மாணவர்களின் வாசிப்புத்திறனை ஆராய்ந்து 1975 இல் முடிவை வெளியிட்டார். தொடர்வண்டி செல்லும் பக்கத்து வகுப்பறைகளில் பயின்றோர், அமைதியான மறுபக்கத்தில் பயின்றோரைவிடப் பின்தங்கியிருந்தனர். உயர்வகுப்பை எட்டியபோது அப்பின்னடைவு ஓராண்டை நெருங்கியிருந்தது. பின்னர், தண்டவாளத்தில் அதிர்வைக் குறைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981 இல் வெளியான மறு ஆய்வில் இருபக்கத்தாரிடையே வேறுபாடு காணப்படவில்லை. குறை மாணவரிடம் இல்லை. சுவருக்கு அப்பால் இருந்தது.

மூன்று மாதப் பகை

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் வாடகைக்கு வாழ்ந்த காலம் அது. நாள்தோறும் இரவு பத்தரை மணிக்கு மேல்தளத்திலிருந்து ஓர் உறுமல் ஒலி எழும். நள்ளிரவு வரை நீளும். அது மாவரைக்கும் கிரைண்டர் என்பதை அறிய எனக்குச் சில நாள்கள் ஆயின. குடியிருப்போர் சங்கச் செயலரிடம் முறையிட்டேன். அறிவிப்புப் பலகையில் பெயர் குறிப்பிடாமல் ஒரு தாள் ஒட்டப்பட்டது; பயனில்லை. ஒருநாள் சினம் மிகுந்து ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தேன். மேலே ஒலி நிற்கவில்லை. என் மகள்தான் அஞ்சி விழித்துக்கொண்டாள்.

மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு மாலை மின்சாரம் தடைப்பட்டது. படிக்கட்டில் காற்றுக்காக அமர்ந்திருந்தபோது, அருகே வந்தமர்ந்த முதிய பெண்மணி தாமாகவே பேச்சைத் தொடங்கினார். பகலில் ஒரு வீட்டில் சமையல் வேலை. இரவில் மாவரைத்து, விடிந்ததும் விற்பனை. அதில்தான் பெயரனின் படிப்புச் செலவு. நான் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

“கீழே கேட்குமென்று எனக்குத் தெரியாதே தம்பி! வந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேனே” என்றார். சற்று நேரங்கழித்து, “உங்கள் வீட்டுக் கதவு விடியற்காலையில் படாரென்று சாத்துகிறதே, அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

மறுநாள் கிரைண்டர் சுவரைவிட்டு நகர்த்தப்பட்டது. அதன் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடப்பட்டது. சமையல் வேலையிலிருந்து சற்று முன்னதாகத் திரும்பும் நாள்களில் ஒன்பதரை மணிக்குள் அரைத்து முடித்தார். என் கதவிலும் சிறு ரப்பர் துண்டு ஒன்று இடம்பெற்றது. ஒலி முற்றிலும் மறையவில்லை. செவி கூர்ந்தால் மெல்லக் கேட்கத்தான் செய்தது. ஆனால், அது யாருடைய உழைப்பின் ஓசை என்று அறிந்தபின் என் உறக்கம் கெடவில்லை. மூன்று மாதம் நான் பகைத்தது ஒரு மனிதரையன்று. நான் கற்பனை செய்துகொண்ட ஒரு பகைவரை.

தேவையும் விருப்பமும்

இசைவு வேண்டும் என்பதனால், ஒவ்வோர் ஓசைக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. தேவையின் ஒலி வேறு. விருப்பத்தின் ஒலி வேறு. பிறந்த குழந்தையின் அழுகை, நோயாளியின் இருமல், பகற்பொழுதில் சிறுவர் விளையாடும் ஆரவாரம், பிழைப்புக்காக மாவரைக்கும் ஓசை ஆகியவை வாழ்வின் தேவையிலிருந்து எழுபவை. இவற்றை எழுப்புவோர் இயன்றவரை குறைக்க வேண்டும். கேட்போர் இயன்றவரை பொறுக்க வேண்டும். நள்ளிரவுக் கொண்டாட்டம், சுவர் அதிரும் இசைப்பெட்டி, தெருவெல்லாம் கேட்கும் தொலைக்காட்சி ஆகியவை விருப்பத்திலிருந்து எழுபவை. இங்கே சுமை முழுவதும் எழுப்புவோரையே சாரும். ஒருவருடைய மகிழ்ச்சிக்கு மற்றொருவர் உறக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டை மறக்கும்போது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. வலியவர் எழுப்பும் இரைச்சலை எல்லாரும் பொறுத்துக்கொள்கிறோம். எளியவர், வாடகைக்குக் குடியிருப்போர், சிறுவர் ஆகியோர் எழுப்பும் சிற்றோசையையோ குற்றமாகப் பேசுகிறோம். முறையீடு எவர் மீது எளிதாகப் பாய்கிறது என்பதைக் கவனித்தால், அது செவியின் முறையீடா, செருக்கின் முறையீடா என்பது விளங்கும்.

சட்டம் சொல்வது

பேச்சு பலனளிக்காத இடத்தில் எளியவர்க்குத் துணை சட்டமே. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்தினர், அப்பகுதி வழிபாட்டுக்கூடம் ஒன்றிலிருந்து எழுந்த ஒலியைக் குறித்துத் தொடுத்த வழக்கு அது. பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்தோ முரசறைந்தோ வழிபட வேண்டும் என எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எல்லாச் சமயத்தார்க்கும் பொருந்துவது இது. எனினும், ஒரே பகுதியில் வாழ்ந்தோர் தங்கள் பூசலைத் தீர்த்துக்கொள்ள டெல்லி வரை செல்ல நேர்ந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த மற்றொரு தீர்ப்பின் பின்னணி நெஞ்சை உலுக்குவது. கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி உதவி கேட்டு எழுப்பிய குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கியின் பேரிரைச்சலில் எவர்க்கும் கேட்காமல் போயிற்று என்னும் நாளிதழ்ச் செய்தியே அவ்வழக்குக்குத் தூண்டுதலாயிற்று. பேச்சுரிமை உடையோம் என்பதனால், கேட்க விரும்பாதோர் செவியில் ஒலியைத் திணிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை எனவும், அமைதியாக வாழ்வது வாழ்வுரிமையின் ஒரு பகுதி எனவும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இரைச்சல் என்பது ஒரு குரல் மிகுதல் மட்டுமன்று; மற்றொரு குரல் மூழ்கிப்போதலும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

குடியிருப்புப் பகுதிகளில் அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு: பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கு வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல்.

சமரசத்தின் வழி

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், மக்களுள் மிகப் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒரே கட்டடத்தில் வாழ்கின்றனர். அண்டை வீட்டார் பூசல்களைப் பேசித் தீர்ப்பதற்கென அந்நாட்டரசு 1998 இல் சமரச மையத்தைத் தொடங்கியது. இருதரப்பாரையும் ஒரே மேசையில் அமர்த்தி, பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் நடுவில் இருந்து பேச வைப்பார். சமரசம் கூடாத பூசல்களுக்கென 2015 இல் தனித் தீர்ப்பு மன்றமும் அமைந்தது. முதலில் பேச்சு, பின்னரே தீர்ப்பு என்னும் இவ்வரிசை நாம் கருதத்தக்கது. நம் குடியிருப்போர் சங்கங்கள் பராமரிப்புக் கட்டணம் தண்டுவதோடு நில்லாமல் இப்பணியையும் மேற்கொள்ளலாம்.

மீண்டும் ஊருக்கு

ஊரில் இசைவு இருந்தது என்றேன். அவ்விசைவு எல்லாருடையதாகவும் இருந்ததா? ஊர்க்கூட்டத்தில் பேச இடம் பெறாத பெண்களையும் ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டோரையும் எவர் கேட்டனர்? இன்று கூத்து நடக்கும் இடத்தில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. மார்ச்சு மாதப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவியின் வீட்டை நோக்கியே அவற்றுள் ஒன்று கட்டப்பட்டிருக்கலாம். அதைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கேட்க அவளுக்குத் துணிவு வேண்டும். கேட்டால் மதிக்கும் ஊரும் வேண்டும். ஆகவே, நாம் பழைய ஊரை அப்படியே நகரத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. கேட்டுச் செய்தல் என்னும் அதன் நற்பழக்கத்தைக் கொண்டுசென்று, எல்லாரையும் கேட்டுச் செய்தல் என்று விரிவாக்க வேண்டும்.

உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் விடுதி அறையிலோ அடுக்குமாடி வீட்டிலோ வாழப் போகிறீர்கள். குடிபுகும் முதல் நாளிலேயே மேலும் கீழும் பக்கத்திலும் வாழ்வோரிடம் சென்று பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் விழா என்றால் முந்திய நாளே சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் முடியுங்கள். பிறரால் தொல்லை நேர்ந்தால், அறிவிப்புப் பலகையை நாடுவதற்கு முன் அவர் வீட்டு அழைப்புமணியை அழுத்துங்கள். கதவைத் திறப்பவர் நீங்கள் எண்ணியிருந்தவராக இருக்கமாட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் ஒருநாள் முழுவதும் கேட்கும் ஒலிகளைத் தேவையின் ஒலி, விருப்பத்தின் ஒலி எனப் பகுத்துப் பட்டியலிடுக.
2. தேர்வுக் காலத்தில் ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்குமாறு விழாக் குழுவினர்க்குப் பணிவும் உறுதியும் அமைந்த கடிதம் ஒன்று எழுதுக.