மொபெட் மக்கர் செய்தால்...

போன ஐப்பசியில் ஒரு காலை. சின்னவளுக்குப் பரீட்சை. டிபன் டப்பாவும் பையுமாக வாசலில் நிற்கிறாள். நான் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு மிதிக்கிறேன், மிதிக்கிறேன்... ஊஹும்! ராத்திரி பூரா மழை வேறு. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

மெக்கானிக் பையன் வந்து ஒரு பார்வை பார்த்தான். "காயில் போச்சுக்கா. ஸ்பேர் கிடைக்கிறது கஷ்டம். பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றான். மாமனார் ஆசையாக வைத்திருந்த வண்டி. எடைக்கா?

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த காலத்து மொபெட்டுகள் இன்னும் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் நிற்கின்றன. அவற்றுக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்திருக்கும். ஊரிலிருந்து வந்த என் பெரியண்ணன் சிரித்தார். "ஏம்மா, காயில் கடைசி. முதல்ல பிளக்கைக் கழட்டு."

இந்த வண்டிகளில் பொறிக்கு பேட்டரி தேவையில்லை. காந்தம் பதித்த சக்கரம் சுற்றும்போது காயிலில் மின்சாரம் உண்டாகிறது. அதுதான் மேக்னெட்டோ. உள்ளே 'பாயிண்ட்' திறக்கும் நொடியில் பிளக்கில் பொறி விழும். வண்டியை நிறுத்தும் சுவிட்ச் என்ன செய்கிறது தெரியுமோ? அந்த மின்சாரத்தை வண்டியின் உடம்புக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். இதை மனதில் வையுங்கள்.

எஞ்சின் ஆறியபின் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை என்று பொருள். எங்களுடையது நனைந்து, கரி அப்பியிருந்தது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிறோமே, கரி பிடிக்காமல் என்ன செய்யும்? கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன். முனைகளுக்கு நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டுமாம்.

பழைய பிளக்கை மறுபடி ஓட்டையிலேயே மாட்டினோம். திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி பீச்சும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, சிந்தியதைத் துடைத்தோம். புதுப் பிளக் ஒன்றை மூடியில் செருகி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, கை படாமல் மிதித்தேன். நீலப் பொறி விழவேண்டும். விழவில்லை.

அண்ணன் சுவிட்சுக்குப் போகும் வயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றினார். "இப்ப மிதி." பளிச்சென்று நீலம்! ஹேண்டில் பாருக்கு அடியில் அந்த வயரின் உறை தேய்ந்து, செம்பு தெரிந்தது. இரும்பில் உரசி, மழை ஈரமும் சேர்ந்து, சுவிட்ச் போடாமலே வண்டி 'நின்றபடி' இருந்திருக்கிறது. செலவு? இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். வயரை மறுபடி மாட்டிய பிறகுதான் ஓட்டினேன். இல்லாவிட்டால் சுவிட்சை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது.

அப்போதும் பொறி வராவிட்டால் மெக்கானிக்கிடம், "பாயிண்டைச் சுத்தம் பண்ணி இடைவெளி பாருப்பா, கண்டன்சரைப் பாரு, அப்புறம் காயில்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தாலே பில் குறையும்!

இன்னொன்று. டியூப் வைத்து வாயால் பெட்ரோல் உறிஞ்சவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

பிளக் ஸ்பேனரும் அந்தப் புதுப் பிளக்கும் இப்போது என் தையல் மெஷின் டிராயரில், பாபின்களோடு கிடக்கின்றன.